கம்பம் பள்ளத்தாக்கின் இயற்கைப் புவியியல்

கம்பம் பள்ளத்தாக்கு என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள ஒரு பள்ளத்தாக்கு ஆகும். மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் இதன் எல்லைகளாக உள்ளன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இப்பள்ளத்தாக்கில் அமைந்துள்ளன. இதன் வடக்கு முனையில் மாவட்டத் தலைநகரான தேனி உள்ளது.

தென்மேற்குப் பருவக்காற்றைப் பொறுத்தவரை இப்பகுதி ஒரு மழை மறைவுப் பிரதேசம் ஆகும். ஆயினும் இங்கு ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. தென்னை, வாழை, திராட்சை ஆகியனவும் பெருமளவில் பயிரிடப்படுகின்றன. மழை குறைந்த நிலம் இவ்வாறு செழிப்பதற்கு, மலையின் மறுபுறம் பெய்யும் மழைநீர் சுரங்கம் வழியாக இங்குக் கொண்டுவரப்படுவதே முதன்மைக் காரணம் ஆகும். எனவே இப்பள்ளத்தாக்கின் புவியியலை அறிந்துகொள்ள, அதன் மேற்கு எல்லையில் உள்ள மலைமுகட்டின் இரு பக்கங்களையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

அமைவிடம்

தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. இதில் தேனி, பெரியகுளம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம், ஆண்டிபட்டி ஆகிய ஐந்து வட்டங்கள் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி உத்தமபாளையம் வட்டத்தில் அடங்குகிறது.

பள்ளத்தாக்கு தென்மேற்கில் லோயர்கேம்ப் என்னும் இடத்தில் குறுகலாகத் தொடங்கி, வடகிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல அகன்று, தேனிக்கு அருகே சமவெளியுடன் கலக்கிறது. நிலமும் இதே திசையில் சரிந்து செல்கிறது. கம்பம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலும், தேனி சுமார் 300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. லோயர்கேம்ப்பிலிருந்து சில கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் வரும் குமுளி சுமார் 880 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வளவு குறுகிய தொலைவில் ஏற்படும் இந்த உயர வேறுபாடே இப்பகுதியின் காலநிலை, நீர்வளம், மின் உற்பத்தி ஆகிய மூன்றையும் தீர்மானிக்கிறது.

மலைகள்

தேனி மாவட்டத்தை மூன்று பக்கங்களில் மலைகள் சூழ்ந்துள்ளன.

மேற்கில் உள்ள ஏலமலைத் தொடர் தமிழ்நாட்டையும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தையும் பிரிக்கிறது. பெரும்பாலான இடங்களில் மாநில எல்லை மலைமுகட்டை ஒட்டியே செல்கிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகள் இத்தொடரைக் கடக்கின்றன. இவற்றுள் போடிமெட்டுப் பாதை மூணாறுக்குச் செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயரமான சிகரமாகிய ஆனைமுடி (2,695 மீட்டர்) மூணாறுக்கு அருகில், கேரளப் பகுதியில் உள்ளது. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலை 2,000 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் தேயிலை பயிரிடப்படும் இடம் ஆகும்.

வடக்கில் பழனி மலைத்தொடர் உள்ளது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் இத்தொடரின் மேல் அமைந்துள்ளது. அதன் தெற்குச் சரிவு பெரியகுளத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. கும்பக்கரை அருவி இச்சரிவின் அடியில் உள்ளது.

தெற்கிலும் தென்கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும் உள்ளன. மேகமலையின் மேற்பகுதி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த, அலையலையான மேட்டுநிலம் ஆகும். இதன் மேற்குச் சரிவு கம்பம் பள்ளத்தாக்கிலும் கிழக்குச் சரிவு வருசநாட்டுப் பள்ளத்தாக்கிலும் இறங்குகின்றன. வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் கிழக்கு எல்லையாக ஆண்டிபட்டி மலைகள் உள்ளன. எனவே தேனி மாவட்டத்தின் தென்பகுதியை, மேகமலையால் பிரிக்கப்பட்ட இரு இணையான பள்ளத்தாக்குகள் எனக் கொள்ளலாம். இவ்விரண்டும் அருகருகே இருந்தாலும் ஒன்று பசுமையாகவும் மற்றொன்று வறட்சியாகவும் காணப்படுகின்றன. இதன் காரணம் கீழே விளக்கப்படுகிறது.

பாறை அமைப்பு

இம்மலைகள் சார்னோகைட், நைசு ஆகிய மிகப் பழமையான உருமாறிய பாறைகளால் ஆனவை. சார்னோகைட் என்னும் பெயர், கொல்கத்தா நகர வரலாற்றில் இடம்பெறும் சோப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அக்கல் சென்னைக்கு அருகே உள்ள பல்லாவரம் பகுதியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது எனக் கண்டறிந்த புவியியலாளர் தாமசு ஆலந்து இப்பெயரைச் சூட்டினார்.

இப்பாறைகள் நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாற்றம் அடைந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவான காலத்தில் இவை கடைசியாகப் பெரிய அளவில் உருமாறின. அக்காலத்தில் தென்னிந்தியா, மடகாசுகர், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகியன ஒன்றாக இணைந்திருந்தன. இதனால் அப்பகுதிகளிலும் இவற்றை ஒத்த பாறைகள் காணப்படுகின்றன. பின்னர் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகர் இந்தியாவிலிருந்து பிரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக் கடலை நோக்கிச் செங்குத்தாக அமைந்திருப்பதற்கு இப்பிரிவும் அதன் பின் நிகழ்ந்த நில உயர்வும் அரிப்பும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கைக் கென்யாவில் உள்ள பெரும் பிளவுப் பள்ளத்தாக்குடன் ஒப்பிட முடியாது. கென்யாவில் நிலத்தட்டு இன்றும் பிளந்து விரிந்து வருவதால் எரிமலைகளும் ஏரிகளும் உண்டாகியுள்ளன. கம்பத்தில் எரிமலைகள் இல்லை. இங்குள்ள நிலத்தோற்றத்தில், நெடுங்காலம் நிகழ்ந்த நீர் அரிப்பின் விளைவே மேலோங்கித் தெரிகிறது.

சார்னோகைட்டின் உறுதித்தன்மை காரணமாக, நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க இப்பகுதி தெரிவு செய்யப்பட்டது. போடிநாயக்கனூருக்கு மேற்கே, பொட்டிபுரம் கிராமத்தை ஒட்டிய மலையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்து, எல்லாப் பக்கங்களிலும் 1 கிலோமீட்டருக்குக் குறையாத பாறையின் பாதுகாப்பில் கருவிகளை வைப்பது திட்டமாகும். 2015ஆம் ஆண்டில் இந்திய அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் தமிழ்நாடு அரசும் எதிர்ப்புத் தெரிவித்ததால் திட்டம் செயல்பாட்டுக்கு வரவில்லை.

காலநிலை

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரப்பதத்தைக் கொண்டுவருகிறது. மலையில் மோதி மேலெழும்போது காற்று குளிர்ந்து, ஈரம் மழையாகப் பொழிகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று அழுத்தம் பெற்று வெப்பமடைகிறது. அதில் எஞ்சிய ஈரமும் மழையாக மாறும் வாய்ப்பை இழக்கிறது. இதனால் மலையின் மேற்கே பல இடங்களில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும்போது, கிழக்கே தேனிச் சமவெளியில் 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெய்கிறது.

பள்ளத்தாக்கினுள்ளும் இவ்வேறுபாடு படிப்படியாகத் தெரிகிறது. முகட்டுக்கு அருகில் உள்ள கூடலூரிலும் கம்பத்திலும் தென்மேற்குப் பருவக் காலத்தில் சாரல் விழுவதுண்டு. வடகிழக்கே செல்லச் செல்லச் சாரல் குறைந்து, ஆண்டிபட்டிப் பகுதியில் வறண்ட காற்று மட்டுமே வீசுகிறது. சமவெளிக்கு முதன்மையான மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக் காலத்தில் கிடைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய கோடை மழையும் பெய்கிறது.

மழை தராத அதே காற்று வேறு வகையில் பயன்படுகிறது. மலைத்தொடரின் தாழ்வான பகுதிகள் வழியாக நுழையும் காற்று வேகம் பெறுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களைப் போலவே கம்பம் கணவாயும் தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்கு ஏற்ற இடமாக உள்ளது. தேனி, ஆண்டிபட்டிப் பகுதிகளில் பல காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன.

ஆறுகள்

இப்பகுதியின் முதன்மையான ஆறு வைகை ஆகும். 258 கிலோமீட்டர் நீளமுள்ள வைகை, வருசநாட்டு மலைகளில் தோன்றி, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாகப் பாக்கு நீரிணைப் பகுதியை நோக்கிச் செல்கிறது. தோற்றுவாய்ப் பகுதியில் இது மூல வைகை என அழைக்கப்படுகிறது. மூல வைகை வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கு நோக்கிப் பாய்கிறது. இது மழையை மட்டுமே நம்பிய ஆறு என்பதால் ஆண்டின் பல மாதங்களில் வறண்டு கிடக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் வழியே பாய்வது முல்லையாறு ஆகும். மேகமலையில் தோன்றிச் சுருளி அருவியாக விழும் சுருளியாறு இதனுடன் சேர்கிறது. குரங்கணி மலைப்பகுதியிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக வரும் கொட்டக்குடி ஆறு தேனிக்கு அருகே இதனுடன் கலக்கிறது. பின்னர் இந்நீர் மூல வைகையுடன் இணைகிறது. பழனி மலையிலிருந்து இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும் வைகையின் பிற துணையாறுகள் ஆகும்.

ஆண்டிபட்டிக்கு அருகே, பழனி மலைக்கும் ஆண்டிபட்டி மலைக்கும் இடைப்பட்ட பகுதியில் வைகை அணை கட்டப்பட்டுள்ளது. இது 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதன் உயரம் 111 அடி. நீர் தேக்கப்படும் உயரம் 71 அடி. சோத்துப்பாறை, மஞ்சளாறு, சண்முகாநதி ஆகிய சிறிய அணைகளும் இம்மாவட்டத்தில் உள்ளன.

மலையைக் கடந்து வரும் நீர்

ஏலமலை முகட்டின் மேற்கே பெரியாறு பாய்கிறது. 244 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாறு இயல்பாக அரபிக் கடலில் கலப்பதாகும். மிகுந்த மழையைப் பெறும் இவ்வாற்றின் நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் எண்ணம் பழமையானது. இராமநாதபுரம் சமத்தானத்தின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இதற்கென ஆட்களை அனுப்பி இடத்தை ஆராயச் செய்தார். 1808இல் சேம்சு கால்டுவெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி இத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதது எனக் கருத்துரைத்தார். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்துக்குப் பின் திட்டம் மீண்டும் வலுப்பெற்றது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் ஆண்டு வாடகை என முடிவு செய்யப்பட்டது. 1887இல் தொடங்கிய கட்டுமானம் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் நடைபெற்று 1895இல் நிறைவுற்றது. சுண்ணாம்பு, சுர்க்கி ஆகியவற்றால் கட்டப்பட்ட இவ்வணை சுமார் 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்டது.

இத்திட்டத்தின் அடிப்படை நிலவமைப்பு எளிமையானது. பெரியாறு முகட்டுக்கு வெகு அருகில் பாய்வதில்லை. ஆனால் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியபோது, நீர் பின்னோக்கிப் பரவித் தேக்கடி வரை ஏரியாக நின்றது. தேக்கடியில் ஏரிக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் சரிவுக்கும் இடையே உள்ள மலை மெலிந்தும் தாழ்ந்தும் இருக்கிறது. அவ்விடத்தில் 2 கிலோமீட்டருக்கும் குறைவான நீளத்தில் சுரங்கம் குடைந்தாலே நீரைக் கிழக்கே விட முடிந்தது. அங்கிருந்து சுமார் 400 மீட்டர் கீழே லோயர்கேம்ப் உள்ளது. 1950களின் இறுதியில் அங்கு நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. இராட்சதக் குழாய்கள் வழியாக இறங்கும் நீர் மின் உற்பத்திக்குப் பின் முல்லையாற்றை அடைகிறது. குழாய்களில் செல்லாத நீர் இரைச்சல் பாலம் வழியாக விழுந்து ஆற்றில் சேர்கிறது.

இவ்வாறு இப்பள்ளத்தாக்கு இரு பருவ மழைகளாலும் பயனடைகிறது. வடகிழக்குப் பருவமழை நேரடியாகப் பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை சுரங்கம் வழியாக வருகிறது. முல்லையாற்றிலிருந்து பிரியும் 17 கால்வாய்கள் மூலம் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. நீரிருப்பு போதுமானதாக இருந்தால் முதல் போகத்துக்காக ஜூன் 1 அன்று நீர் திறப்பது வழக்கம். பின்னர் ஏற்படுத்தப்பட்ட 18ஆம் கால்வாய், மலையடிவாரமாகச் சென்று போடிநாயக்கனூர் பகுதி வரை உள்ள கண்மாய்களுக்கு நீர் தருகிறது. எஞ்சிய நீர் வைகை அணையில் சேர்ந்து, பேரணையிலிருந்து தொடங்கும் பெரியாறு கால்வாய் வழியாக மதுரைப் பகுதிக்கும், வைகை வழியாக இராமநாதபுரம் வரையும் செல்கிறது. மேகமலைக்குக் கிழக்கே உள்ள வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கு இத்தகைய நீர் கிடைப்பதில்லை. இரு பள்ளத்தாக்குகளுக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டின் காரணம் இதுவே.

ஆத்திரேலியாவில் 1949 முதல் 1974 வரை நிறைவேற்றப்பட்ட சினோயி மலைத் திட்டமும் இதே முறையில், கடலை நோக்கிச் செல்லும் ஆற்றுநீரைச் சுரங்கங்கள் வழியாக மலையின் வறண்ட பக்கத்துக்குத் திருப்புகிறது. பெரியாறு திட்டம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்டதாகும்.

நீர்மட்டமும் மாநில எல்லையும்

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அணையும் ஏரியும் கேரளத்துக்கு உட்பட்டன. நீர்ப்பாசன உரிமையும் அணையின் இயக்கமும் தமிழ்நாட்டிடம் நீடித்தன. 1970இல் குத்தகைத் தொகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1979இல் அணையின் பாதுகாப்புக் குறித்த ஐயங்கள் எழுந்ததை அடுத்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, வலுப்படுத்தும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 2006ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்க அனுமதித்தது. அதைத் தடுக்கக் கேரளம் இயற்றிய சட்டத்தை 2014 மே 7 அன்று அதே நீதிமன்றம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

நீர்மட்டத்தில் 6 அடி வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் பெறுகிறது என்பதற்கும் நிலவமைப்பே விடை தருகிறது. சுரங்கத்துக்குச் செல்லும் வழியின் மட்டம் காரணமாக, 104 அடிக்கு மேல் உள்ள நீரை மட்டுமே கிழக்கே கொண்டுசெல்ல முடியும். அதற்குக் கீழே உள்ள நீர் ஏரியிலேயே தங்கும். மேலும் ஏரி மேலே செல்லச் செல்ல அகலமாகிறது. ஆதலால் உச்சியில் உள்ள ஒவ்வோர் அடியும் அடியில் உள்ளதைவிடக் கூடுதலான நீரைக் கொண்டுள்ளது. மறுபுறம், அணைக்குக் கீழே பெரியாற்றின் கரைகளில் வாழும் கேரள மக்கள் பழமையான அணை குறித்து அச்சம் தெரிவிக்கின்றனர். புதிய அணை கட்ட வேண்டும் எனக் கேரளமும், இருக்கும் அணை உறுதியானது எனத் தமிழ்நாடும் கூறுகின்றன.

தாவரங்களும் விலங்குகளும்

உயரத்துக்கு ஏற்பத் தாவரங்கள் மாறுகின்றன. அடிவாரத்தில் முட்புதர்க் காடுகளும், அதற்கு மேல் இலையுதிர் காடுகளும், ஈரமான உயர்பகுதிகளில் பசுமைமாறாக் காடுகளும், உச்சியில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் காணப்படுகின்றன. மலைகளில் தேயிலை, காப்பி, ஏலக்காய், மிளகு ஆகியன பயிரிடப்படுகின்றன. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. பள்ளத்தாக்கில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மிதமான வெப்பமும் இடைவிடாத பாசனமும் உள்ளதால் இங்கு ஆண்டின் எல்லாக் காலங்களிலும் திராட்சை அறுவடை செய்யப்படுகிறது. இம்மலைகளில் பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர்.

யானை, புலி, வரையாடு, சிங்கவால் குரங்கு, சாம்பல் நிற மலை அணில், இருவாய்ச்சி ஆகியன இங்குக் காணப்படுகின்றன. மிக அரிதான சலீம் அலி பழந்தின்னி வௌவாலின் முதல் மாதிரி 1948இல் மேகமலையில் சேகரிக்கப்பட்டது. அது நெடுங்காலம் வேறொரு வௌவால் எனக் கருதப்பட்டு, 1972இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

விலங்குகள் மாநில எல்லையை அறியமாட்டா என்பதற்கு அரிக்கொம்பன் என்னும் யானை எடுத்துக்காட்டாகும். இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட இந்த யானை 2023 ஏப்ரலில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் மாதத்தில் மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைப் பகுதியில் விடப்பட்டது.

சூழல் சிக்கல்கள்

கோடையில் உயர்பகுதிப் புல்வெளிகள் காய்ந்து எளிதில் தீப்பற்றக்கூடியவை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைப்பகுதியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வைகையின் நீரேந்துப் பகுதியாகிய வருசநாடு, மேகமலைக் காடுகள் அழிக்கப்பட்டது மற்றொரு சிக்கலாகும். காட்டு மண் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் ஓடைகளில் சிறிது சிறிதாக விடுகிறது. காடு அகற்றப்பட்ட சரிவில் நீர் விரைந்து ஓடி, மண்ணையும் அரித்துச் செல்கிறது. இவ்வண்டல் இறுதியில் வைகை அணையில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கிறது. 2021 பிப்ரவரியில் மேகமலைக் காட்டுயிர்ச் சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என அறிவிக்கப்பட்டன. இது இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம் ஆகும். வைகையின் தோற்றுவாய்க் காடுகளைக் காப்பதும் இதன் பயன்களுள் ஒன்றாகும்.

பெரியாற்று நீர் வருவதற்கு முன் வைகை முழுமையாகத் தன் மலைகளின் காடுகளையே நம்பியிருந்தது. இன்றும் பெரியாறு அணையில் நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் வைகைப் படுகையின் ஐந்து மாவட்டங்களும் குடிநீருக்கும் பாசனத்துக்கும் அம்மலைகளையே எதிர்நோக்க வேண்டியுள்ளது.